கால் தாழ்கிறது, கை நடுங்குகிறது: நாற்பத்தேழு வயதில் மிதக்கப் பழகலாமா?

கொங்குப் பகுதியிலிருந்து அரசு அலுவலர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 47. ஒல்லியான, இறுகிய உடல்வாகு. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்குக் காலையில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுத்துக்கொள்கிறார். முழங்கால் வலியால் நடைப்பயிற்சி தடைப்படவே, நீச்சல் பழகும்படி அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். நகரத்து நீச்சல் குளமொன்றில் காலை ஆறு மணி வகுப்பில் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இன்னும் மிதக்க வரவில்லை. “மல்லாந்து படுத்தால் முதலில் கால் இறங்குகிறது, அதைத் தொடர்ந்து இடுப்பு இறங்குகிறது, அப்புறம் மூக்குக்குள் தண்ணீர் ஏறிவிடுகிறது” என்கிறார். கூடச் சேர்ந்த சிறுவர்கள் கிக் போர்டு எனும் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு குளத்தின் பாதி தூரம் போய்விட்டார்கள். பயிற்சியாளரோ, “உங்களுக்கு எலும்பு கனம் சார், சிலருக்கு உடம்பு மிதக்காது” என்று சொல்லிவிட்டார். சிறு வயதில் மாமா இடுப்பில் கயிறு கட்டித் தோட்டத்துக் கிணற்றில் தள்ளிவிட்டதையும், தண்ணீர் குடித்து மேலே வந்ததையும் இவர் இன்னும் மறக்கவில்லை. நெஞ்சளவு நீரில் நின்றாலே மூச்சு கனக்கிறதாம். சில நாட்கள் குளத்தில் நிற்கும்போதே கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பார்வை மங்குகிறதாம். அது அந்தப் பழைய பயம்தான் என்று எண்ணுகிறார். வெறும் கடுங்காப்பியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறார். சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று, விண்ணப்பப் படிவத்தில் “நோய் எதுவும் இல்லை” என எழுதியிருக்கிறார். தன் உடல் மிதக்காத உடல்தானா, இந்த வயதில் பயம் போகுமா, மிதக்கப் பழகிய பிறகு 11 வயது மகனுக்குத் தோட்டத்துக் கிணற்றில் தானே நீச்சல் கற்றுத்தரலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. கை நடுங்குவதைப் பற்றி நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். ஆகவே அதை முதலில் பேசிவிடுவோம்.

நடுக்கம் எல்லாமே பயம்தானா?

கிளிமெபிரைடு மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று பார்த்து அது வேலை செய்வதில்லை. அதனால்தான் அதை நாளின் முதல் உணவோடு சேர்த்து எடுக்கச் சொல்கிறோம். நீங்கள் இரவு உணவுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல், விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை இல்லாத காப்பியை மட்டும் குடித்துவிட்டு, குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் கைகால்களை அசைக்கிறீர்கள். மாத்திரையும் உடற்பயிற்சியும் சேர்ந்து இரத்தச் சர்க்கரையை இறக்கும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கும், தலை கிறுகிறுக்கும், காரணமில்லாத அச்சமும் எழும். இவை அத்தனையும் பயத்தின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால்தான் இரண்டையும் பிரித்தறிவது கடினமாகிறது. தரையில் என்றால் குப்பென்று வியர்ப்பதைக் கண்டாவது சந்தேகம் வந்திருக்கும். தண்ணீருக்குள் வியர்வை தெரியாது.

உங்களுக்கு நேர்ந்தது சர்க்கரை இறங்கியதுதான் என்று நேரில் பார்க்காமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கிணற்று நினைவும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் குளத்துக்குக் கொண்டுபோங்கள். நடுக்கம் வந்த உடனே கரையேறி, கையைத் துடைத்துவிட்டு, விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அது பயம் அன்று. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாகிவிட்டாலும் அன்றைக்கு மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டாம். கருவி கையில் இல்லாத நேரத்தில் நடுக்கம் வந்தால், சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு குளுக்கோஸைக் குடித்துவிடுங்கள். அதனால் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. உங்கள் மருத்துவர் நீச்சலைப் பரிந்துரைத்தபோது, வகுப்பு காலை ஆறு மணிக்கு என்பதையும் நீங்கள் வெறும் வயிற்றோடு போவீர்கள் என்பதையும் அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த வாரமே அவரைப் பார்த்து இந்த இரண்டையும் சொல்லுங்கள். கிளிமெபிரைடை வகுப்பு முடிந்து காலைச் சிற்றுண்டியோடு எடுக்கச் சொல்வார். அல்லது அளவை மாற்றுவார். அல்லது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்காத வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று யோசிப்பார். வகுப்பை மாலைக்கு மாற்றிக்கொள்ள வழியிருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். அதுவரை, நீரில் இறங்குமுன் அளவு 90-க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுச் சற்றுப் பொறுத்து, மறுபடி அளந்து பார்த்துவிட்டு இறங்குவதே முறை.

இன்னும் இரண்டு பரிசோதனைகளையும் அவரிடம் நினைவூட்டுங்கள். ஒன்று கண்ணின் விழித்திரை. மூச்சை முக்கி அடக்கும் பயிற்சிகள், முற்றிய விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. மற்றொன்று பாதங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், குளத்தின் சொரசொரப்பான கரையில் வெறுங்காலோடு நடக்கும்போது கீறல் விழுந்தாலும் தெரியாது. நீரில் அணியும் ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள்; வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படிவத்தில் மறைத்ததைப் பற்றி

சர்க்கரை இருப்பதைச் சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் நீரில் நீங்கள் தளர்ந்து போகும் நாளில், பயிற்சியாளர் அதைப் புதிதாகப் பழகுபவரின் தடுமாற்றம் என்றே நினைத்துக்கொள்வார். “காலை உதையுங்கள் சார்” என்று கரையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சில நொடிகள்தான் ஆபத்தானவை. ஆகவே உங்கள் மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று வாங்கிக் கொடுத்து, படிவத்தைத் திருத்தி எழுதித் தாருங்கள். “சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், கை நடுங்கினால் உடனே ஏறிவிடுவேன், குளுக்கோஸ் இந்தப் பையில் இருக்கிறது” என்று பயிற்சியாளரிடம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை நோய் நீச்சலுக்குத் தடை இல்லை. உங்கள் முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் நீச்சல் மிக நல்ல பயிற்சி.

உங்கள் எலும்பும் உங்கள் மூச்சும்

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பயிற்சியாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எலும்பும் தசையும் நீரைவிட அடர்த்தியானவை, கொழுப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் கொழுப்புக் கூடிய உடல் எளிதில் மேலே நிற்கும், உங்களைப் போன்ற ஒல்லியான ஆணின் உடல் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். அவர் விட்டுவிட்ட மறுபாதி நுரையீரல். வளர்ந்த ஓர் ஆண் முழு மூச்சை இழுப்பதற்கும் முழுவதுமாக வெளியே விடுவதற்கும் இடையே நான்கு லிட்டர் அளவுக்குக் காற்று வேறுபடுகிறது. நெஞ்சுக்குள் ஒரு லிட்டர் காற்று கூடினால், நீர் உங்களை ஏறத்தாழ ஒரு கிலோ அதிகமாகத் தாங்குகிறது. ஆக, அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் நீரில் நிற்பதா, இறங்குவதா என்பதை அவருடைய மூச்சில் உள்ள மூன்று நான்கு கிலோதான் முடிவு செய்கிறது. முழு மூச்சோடு இருக்கும்போது ஏறக்குறைய எல்லா உடல்களும் மிதக்கும். மிகச் சில ஒல்லியான ஆண்கள் மட்டுமே அப்போதும் மெல்ல இறங்குவார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, சோதித்தே பார்த்துவிடலாம்.

நெஞ்சளவு நீரில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நிதானமாக ஒரு முழு மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். முகத்தை நீரில் கவிழ்த்து, முழங்கால்களை மார்போடு சேர்த்துக் கைகளால் கட்டிக்கொண்டு உருண்டையாகிவிடுங்கள். முதலில் சற்று இறங்குவீர்கள். பிறகு நீங்கள் எதுவும் செய்யாமலே முதுகு மெல்ல மேலே வந்து, காற்றுப் படுவது முதுகில் சில்லென்று தெரியும். அது தெரிந்துவிட்டால் உங்கள் எலும்பின் மீதுள்ள குற்றச்சாட்டு முடிந்தது. முதுகு மேலே வரவே இல்லை என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை. கைகளை நீருக்குள் மெதுவாக இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டிருந்தால் போதும், அந்தச் சிறு குறை ஈடாகிவிடும்.

அப்படியானால் கால் ஏன் தாழ்கிறது? நீர் உங்களைத் தாங்கும் மையம் காற்று நிறைந்த நெஞ்சை ஒட்டி இருக்கிறது. உங்கள் எடையின் மையமோ அதற்குக் கீழே, தொப்புளை ஒட்டி இருக்கிறது. இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரும்வரை உடல் சுழலத்தான் செய்யும். பெண்களைவிட ஆண்களுக்கும், தொடைத்தசை இறுகியவர்களுக்கும் இது அதிகம். ஆகையால் கால் இறங்குவதை நீங்கள் தோல்வியாகக் கருதுவதுதான் தவறு. நீச்சல் நன்கு தெரிந்த ஆண்களிலேயே பலர் அசையாமல் கிடந்தால், கால் தொங்க, சாய்ந்தபடிதான் மிதப்பார்கள். முகம் வெளியே இருந்து மூச்சு ஓடினால் அதுவே மிதத்தல். பலகை மாதிரி நேராகக் கிடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள்.

கால் இறங்கத் தொடங்கியதும் நீங்கள் தலையைத் தூக்கிக் காலைப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழகத் தொடங்கும் பெரியவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். தலையின் எடை நான்கரை கிலோவுக்குக் குறையாது. அது நீருக்குள் இருக்கும்வரை அதை நீர் தாங்குகிறது. வெளியே தூக்கிய மறு நொடி அந்தச் சுமை முழுவதும் உங்கள் உடல்மேல் இறங்கி, இடுப்பைக் கீழே அழுத்திவிடுகிறது. மூக்கில் தண்ணீர் ஏறக்கூடாது என்றுதான் தலையைத் தூக்குகிறீர்கள், தூக்குவதாலேயே ஏறுகிறது.

பழகும் முறை

எழுந்து நிற்பதிலிருந்து தொடங்குங்கள். இதைப் பல வகுப்புகளில் கடைசியில் சொல்கிறார்கள் அல்லது சொல்வதே இல்லை. மல்லாந்து கிடப்பவர் நிற்க வேண்டுமென்றால், மோவாயை நெஞ்சோடு சேர்த்து, முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மடக்கி, இரு கைகளாலும் நீரைப் பின்னிருந்து முன்னுக்குத் தள்ள வேண்டும்; உடல் தானாக நிமிர்ந்து, பாதம் தரையில் படும். சுவரோரம் இதை மட்டும் சில நாட்கள் பழகுங்கள். நினைத்த நேரத்தில் நிற்க முடியும் என்பது உடலுக்கு உறுதியானால், பயத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

பிறகு மல்லாந்து படுக்கும் பயிற்சி. பயிற்சியாளரின் உள்ளங்கை உங்கள் பிடரியைத் தாங்கியிருக்கட்டும். இரு காதுகளும் நீருக்குள் போகும்வரை தலையைச் சாயுங்கள். ஓசைகள் மங்கி, உங்கள் மூச்சின் சத்தமே பெரிதாகக் கேட்கும், அதற்கு மிரள வேண்டாம். மோவாய் சற்று மேலே பார்க்கட்டும். இடுப்பைத் தளர விடாமல் வயிற்றை மேலே நீட்டுங்கள். கைகளை உடம்போடு ஒட்டி வைக்காமல், நீருக்குள்ளேயே தலைக்கு மேல் நீட்டி விரியுங்கள்; கையின் எடை அந்தப் பக்கம் போவதால் எடை மையம் நெஞ்சை நோக்கி நகர்ந்து, கால் இறங்குவது குறையும். முழங்கால்களை மடக்கினாலும் இதே பலன் கிடைக்கும். உங்கள் உடல்வாகுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே செய்யப் பரிந்துரைக்கிறேன்.

மூச்சுக்கு வருவோம். முழுவதுமாக விட்டுவிட்டு மறுபடி இழுத்தால், அந்த இடைவெளியில் முகம் மூழ்கிவிடும். நெஞ்சு நிறைய இழுத்து, இரண்டு மூன்று நொடி வைத்திருந்து, விரைவாகக் கொஞ்சம் மட்டும் விட்டு, உடனே மீண்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். விடும்போது வாயை மூடி, “ம்” என்று மூக்கின் வழியே மெல்ல முனகினால் மூக்கில் நீர் ஏறாது. நெஞ்சளவு நீரில் நின்றாலே மூச்சு கனப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீரின் அழுத்தம் மார்பைச் சுற்றி அமுக்குவதோடு, காலில் உள்ள இரத்தத்தையும் நெஞ்சுக்கு ஏற்றுகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும். சில நிமிடங்களில் பழகிவிடும். ஆனால் மார்பில் இறுக்கமோ வலியோ வந்து, கரையேறிய பின்னும் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயக் கோளாறு சில சமயம் வலி இல்லாமலே வரும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மூச்சைக் கூட்டிக்கொள்வதாக எண்ணி வேகவேகமாகப் பலமுறை இழுத்து விட்டு, அதன்பின் நீருக்குள் அடக்கிப் பார்க்கும் பழக்கம் இளைஞர்களிடம் உண்டு. அப்படிச் செய்தால் மூச்சுத் திணறல் உணர்வு வருமுன்பே மயக்கம் வந்துவிடும்.

கிணற்றில் தள்ளிவிட்ட நினைவு

நம் ஊர்ப்பக்கம் கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறைகள் இடுப்பில் கயிறும், முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிக்கொண்டுதான் பழகின. அந்தக் கருவிகள் அறிவுள்ளவை. தாங்கும் பொருளைச் சிறிது சிறிதாகக் குறைத்து நீரைப் பழக்கப்படுத்தியவை. உங்கள் மாமா கயிற்றைக் கட்டினார், ஆனால் முன்னறிவிப்பின்றித் தள்ளினார். “தள்ளிவிட்டால் தானாக வரும்” என்ற நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. சிலருக்கு வந்தும் விடுகிறது; வராமல் போனவர்கள் வாழ்நாள் முழுவதும் தண்ணீரை விட்டு விலகிவிடுகிறார்கள், அல்லது உங்களைப் போல பல பதிற்றாண்டுகள் கழித்துத் தயங்கித் தயங்கி வருகிறார்கள். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று எண்ணாதீர்கள். ஒருமுறை மூச்சு அடைபட்ட உடல், அதே சூழலை மறுபடி காணும்போது எச்சரிப்பது இயல்பு.

இது 47 வயதிலும் குறையும். குறைக்கும் வழி, பயம் தாங்கும் அளவில் இருக்கும் படியில் நின்று, அது தணியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, அடுத்த படிக்குப் போவதுதான். நீரில் முகம் கழுவுதல், மூக்குவரை முங்கிக் குமிழி விடுதல், கண்ணாடி அணிந்து தரையைப் பார்த்தல், உருண்டையாக மிதத்தல் என்று போகலாம். சிறுவர்களின் வேகத்தோடு ஒப்பிடாதீர்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் தலையை நீரில் அமுக்கவோ, ஆழமான பகுதிக்குள் இழுக்கவோ எந்தப் பயிற்சியாளருக்கும் உரிமை இல்லை. “சொல்லாமல் கையை எடுக்காதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதை மதிக்காதவராக இருந்தால் வேறு பயிற்சியாளரைக் கேளுங்கள். சர்க்கரையைச் சரிசெய்த பிறகும் நெஞ்சுப் படபடப்பு குறையாமல், குளத்தை நினைத்தாலே தூக்கம் கெடுகிறது என்றால், மனநல ஆலோசகர் ஒருவரைச் சில அமர்வுகள் சந்திப்பது பயன் தரும்.

மகனும் கிணறும்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. குளத்தில் மிதக்க வந்துவிட்டது என்ற துணிவில் மகனைக் கிணற்றுக்கு அழைத்துப் போகாதீர்கள். கிணற்றில் கால் ஊன்ற ஆழம் குறைந்த பகுதி கிடையாது. படிக்கட்டு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதிலும் பாசி பிடித்திருக்கும். மோட்டார் ஒயரில் கசிவு இருந்தால் நீரில் மின்சாரம் பாயலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதற்றமடைந்த சிறுவன் தன்னைக் காப்பாற்ற வருபவரின் கழுத்தைக் கட்டிப்பிடித்து மேலே ஏறப் பார்ப்பான். தனியாக மிதக்கத் தெரிந்த ஒருவரால் அந்தப் பிடியைச் சமாளிக்க முடியாது. தந்தையும் மகனும் சேர்ந்து இறந்த செய்திகளை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் படிக்கிறோம். இந்தியாவில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். காற்று ஊதிய டியூபை நம்பியும் இறங்க வேண்டாம்; அது வழுக்கிக் கையை விட்டுப் போய்விடும்.

மகனை நீங்கள் போகும் அதே குளத்தில் சேர்த்துவிடுங்கள். தவறி ஆழத்தில் விழுந்துவிட்டால் நீந்த முயன்று களைக்காமல், மல்லாந்து மிதந்தபடி உதவிக்குக் காத்திருப்பதை ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடுப்போடும் காலணியோடும் பழக்குகிறார்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலை நெஞ்சோடு அணைத்து மிதக்கவும் சொல்லித் தருகிறார்கள். அதை அவனும் நீங்களும் சேர்ந்தே பழகலாம்.

தோட்டத்துக் கிணற்றில், யாரும் நீந்தாவிட்டாலும், நீர்மட்டம் வரை எட்டும் கயிறு ஒன்றையும் மூடி இறுக்கிய காலி கேன் ஒன்றையும் எப்போதும் கட்டி வையுங்கள். யாரேனும் விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல் அதை வீசும்படி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கியபோது, துவைக்க வந்திருந்த பெண்கள் மூவர் தாம் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் காப்பாற்றினார்கள். தமிழக அரசு அவர்களுக்குத் துணிவுக்கான கல்பனா சாவ்லா விருது அளித்தது. கயிறு கிடைக்காத இடத்தில் வேட்டியும் சேலையும் அந்த வேலையைச் செய்யும் என்பதை உங்கள் மகனும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை நேரம் முடிவாகும்வரை ஒரு வாரம் வகுப்புக்குப் போகாமல் இருந்தாலும் இழப்பில்லை. பிறகு குளத்தில் இறங்குமுன்னும் ஏறிய பின்னும் சர்க்கரை அளவை இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து, நடுக்கம் வந்த நாட்களைத் தனியே வட்டமிட்டு, அந்த நோட்டை அவரிடம் காட்டுங்கள்.